மூன்றும் ஒரே ‘சலுகை’ அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பொதுத்தேர்வு நெருங்கினாலே ‘மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சலுகைகள்’ என்ற செய்தி வந்துவிடும். கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு என மூன்றும் ஒரே வரியில் இருக்கும். முதல் இரண்டும் ஓர் இனம், மூன்றாவது வேறு. பத்திரிகைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே 17ஆவது பிரிவில், ‘பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் மாற்றங்கள்’ என்று மூன்றையும் சேர்த்தே அடுக்கியிருக்கிறது.

கேள்வி அப்படியே இருக்க, அதை வாசிக்கும் வழியோ விடை எழுதும் வழியோ மட்டும் மாறினால் அது வசதி. எதைக் கற்க வேண்டும் என்பதே மாறினால் அது பாட மாற்றம். வசதியோடு எழுதி வாங்கிய 70 மதிப்பெண் வகுப்பில் மற்றவர் வாங்கிய 70க்குச் சமம். பாட மாற்றத்தில் வாங்கிய 70, அந்தக் குழந்தைக்கென்று வைத்த இலக்கில் அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டும்.

சிக்கல் என்னவென்றால், ஒரே உதவி ஓரிடத்தில் வசதியாகவும் இன்னோரிடத்தில் பாட மாற்றமாகவும் ஆகிவிடும். டிஸ்லெக்சியா (எழுத்துகளை வாசிப்பதில் தடுமாற்றம் தரும் கற்றல் குறைபாடு) உள்ள மாணவிக்கு ஒளிச்சேர்க்கை பற்றிய கேள்வியை வாசித்துக் காட்டுவது வசதி. வாசிப்புத் திறனைப் பார்க்கும் தேர்வில் அதையே செய்தால், சோதிக்க வேண்டியதையே நாம் செய்து கொடுத்துவிடுகிறோம். கால்குலேட்டரும் அப்படித்தான்: இயற்பியல் கணக்கில் வசதி, நான்காம் வகுப்புக் கூட்டல் தேர்வில் பாட மாற்றம். அந்தந்தக் கேள்வி எதைச் சோதிக்கிறது என்று பார்க்காமல், குறைபாட்டின் பெயரை வைத்து முடிவெடுப்பதில்தான் பாதித் தவறு நடக்கிறது.

வசதிக்கும் பழக்கம் வேண்டும். ‘ரூட் பி ஸ்கொயர் மைனஸ் 4 ஏசி’ என்று மாணவர் சொல்கிறார். மூலக்குறி எங்கே முடிகிறது? எழுதுபவர் பி ஸ்கொயரோடு கோட்டை நிறுத்திவிட்டால் விடை போயிற்று. ‘ரூட் ஆரம்பம், ரூட் முடிவு’ என்று சொல்லப் பழக, எட்டாம் வகுப்பிலேயே பருவத் தேர்வுகளில் எழுதுபவரை உட்காரவைக்க வேண்டும். கூடுதல் நேரம், ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்படி, மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. 3 மணி நேரத் தேர்வுக்கு அது 1 மணி. பத்தாம் வகுப்பு மாணவர் காலை 10 மணிக்கு அமர்ந்தால், வினாத்தாளை வாசிக்கவும் விவரம் நிரப்பவும் தரும் 15 நிமிடத்தையும் சேர்த்து, 2.15க்குத்தான் எழுந்திருக்கிறார், மதியச் சாப்பாடு இல்லாமல். ஓரிடத்தில் உட்கார முடியாத, கவனம் சிதறும் குழந்தைக்கு அந்தக் கடைசி மணி வெறும் தண்டனை. அதையே இடையிடையே 10 நிமிட ஓய்வாகப் பிரித்துக் கொடுத்தால் உதவும்.

அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைக்குப் பாட மாற்றம் தேவைதான். மற்றவர்கள் ஐந்திலக்க எண்களைக் கழிக்கும்போது, அதே வகுப்பில் அதே பாடவேளையில், அந்தக் குழந்தை 50 ரூபாய் கொடுத்துப் பொருள் வாங்கி மீதியைச் சரிபார்க்கப் பழகலாம். ஆனால் வாசிக்க மட்டுமே தடுமாறும் குழந்தைக்கும் பாடத்தை வெட்டிவிடுகிறார்கள். வசதி செய்துதர ஆள் வேண்டும், நேரம் வேண்டும். வெட்டுவதற்குப் பேனாக் கோடு ஒன்று போதும். ஆறாம் வகுப்பில் பின்னத்தை விட்ட பிள்ளை ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் திகைத்து நிற்கும்போது, ‘இவனுக்குக் கணக்கே வராது’ என்று பழி அவன்மேல் விழுகிறது.

ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவருக்கும் தனியாகத் தயாரிக்கும் தனிநபர் கல்வித் திட்டப் படிவத்தில் பாடத்துக்குப் பாடம் இரண்டு கட்டங்கள் வேண்டும்: வசதி ஒன்று, பாட மாற்றம் ஒன்று. இரண்டாவதை நிரப்பும் முன், எந்தெந்த வசதிகளை எத்தனை வாரம் செய்து பார்த்தார்கள், ஏன் போதவில்லை என்று எழுதியாக வேண்டும். விளைவுகளைப் பெற்றோருக்கு விளக்கிய பிறகே கையெழுத்து. பருவத்துக்கு ஒருமுறை அந்தக் கட்டத்தைத் திரும்பப் பார்த்து, தேவையில்லை என்றால் அடித்துவிடவும் வேண்டும்.

இப்படிக்கு,
சிறப்புப் பயிற்றுநர்,
திருச்சி