கேரள வனத்துறைக்கு: சதுப்போடு ஓடையையும் காப்பாற்றுங்கள்

அதிகாரிகளுக்கு வணக்கம்.

மலைக்கு இந்தப் பக்கம், தென்காசியிலிருந்து எழுதுகிறேன். குளத்தூப்புழை சாஸ்தா கோயிலுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் காலங்காலமாக வந்துபோகிறோம், ஆனால் அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள காட்டில் காட்டு ஜாதிக்காய்ச் சதுப்புகள், அதாவது ஓடையோரச் சேற்றில் காட்டு ஜாதிக்காய் மரங்கள் நிற்கும் நன்னீர்ச் சதுப்புக் காடுகள், இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. 1960-ல்தான் கிருஷ்ணமூர்த்தி என்பவர் இவற்றை முதன்முதலில் பதிவு செய்தார். இன்று கேரளத்தில் மிச்சமிருப்பதை எல்லாம் சேர்த்தாலும் 2 சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது.

அங்கே உண்டப்பயின் என்ற காட்டு ஜாதிக்காய் மரத்தடியில் நின்று பார்த்தால் தெரியும். வேர் கறுப்புச் சேற்றைக் கிழித்துக்கொண்டு மேலே எழும்பி, முழங்காலை மடக்கியதுபோல வளைந்து மறுபடி சேற்றுக்குள் இறங்கும். சேற்றில் காற்று கிடையாது, அதனால் அந்த வளைவு வழியாகத்தான் மரம் மூச்சு விடுகிறது. பக்கத்தில் அதே குடும்பத்துக் கொத்தப்பயின் மரம் நின்றால் அதற்கு அடிமரத்திலிருந்தே ஊன்றுவேர்கள் இறங்கியிருக்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒன்றிரண்டை மட்டும் விட்டுவைத்தால் காய் பிடிக்கும் என்ற உறுதி கிடையாது. விதையும் காய்ந்தால் செத்துப்போகும், எடுத்துப் பத்திரப்படுத்தி இருபது வருஷம் கழித்து நடும் பேச்சே இல்லை. அதாவது, இந்த மரங்களுக்கு அந்தச் சேற்றை விட்டால் வேறு இடம் கிடையாது.

சமதளமும் தண்ணீரும் இருந்ததால் பல சதுப்புகள் முன்பே வயலாகிவிட்டன, அப்புறம் தேக்கு வந்தது, ரப்பர் வந்தது. சரி, அது நடந்து முடிந்த கதை. மிச்சத்தையாவது காப்போம் என்றால், மரம் நிற்கும் இடத்தைச் சுற்றி மட்டும் எல்லை போட்டு ஒரு பயனும் இல்லை. மேலே ஓடைக்கரை வரை தோட்டம் போட்டு, மண் சரிந்து சதுப்பு மேடாகிவிட்டாலோ, சாலை வெட்டித் தண்ணீர் திசை மாறிவிட்டாலோ, கோடாலியே படாமல் மரம் சாகும்.

பக்கத்திலுள்ள செந்துருணி வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருப்பவற்றுக்காவது சட்டப் பாதுகாப்பு பலமாக இருக்கிறது. வெளியே காப்புக்காட்டில் கிடப்பவைதான் எனக்குப் பயம். அந்நிய மரத் தோட்டங்களை இயற்கைக் காடாக மாற்றுவோம் என்று 2021-ல் உங்கள் அரசே கொள்கை வகுத்ததே, அந்த வேலையை சதுப்புக்குத் தண்ணீர் தரும் ஓடைகள் பிறக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். தேக்கு, அக்கேசியா வெட்டும் இடங்களில் ஓடையின் இரு கரையிலும் மறு நடவு வேண்டாம். ஒவ்வொரு சதுப்புக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அந்த நீர்ப்பிடிப்பு முழுவதையும் வரைபடத்தில் குறித்து, அடுத்த வனச் செயல்திட்டத்தில் எழுத்துபூர்வமாகச் சேருங்கள்.