"சதை போட்டிருக்கிறான்" என்று மகிழும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ரத்தப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து வரும் பிள்ளையைப் பார்த்து, "நல்லா சதை போட்டுட்டான், தேறிட்டான்" என்று உறவினர்கள் பூரிப்பதுண்டு. பெரும்பாலும் கூடியிருப்பது கொழுப்பு, தசை குறைந்திருக்கும். எடை மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் வகைக்குச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டு நீளும். முதல் நான்கு வாரம் தினமும், பிறகு பல இடங்களில் மாதம் 5 நாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்டு. அது அடங்காப் பசியைக் கிளப்பும். தசையைக் கரைத்து, முகத்திலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்க்கும். நள்ளிரவில் எழுந்து சோறு கேட்கும் பிள்ளையைத் திட்டுவது அநியாயம். அந்த நாட்களில் சுண்டல், அவித்த முட்டை, காய் நிறைந்த சாம்பார் எல்லாம் கைக்கெட்டும்படி இருக்கட்டும். அப்பளமும் ஊறுகாயும் வேண்டாம். உப்பு உடம்பில் நீரைத் தேக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும்.

தெம்புக்காகத் தொடங்கிய ஊட்டபானத்தைச் சிகிச்சை முடிந்தபின்னும் பலர் நிறுத்துவதில்லை. காலை, மாலை இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாளுக்குச் சுமார் 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம்!

வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி கால் நரம்பைப் பாதிப்பதால், சில பிள்ளைகள் பாதத்தைத் தூக்க முடியாமல் தடுக்கி விழுவார்கள். ஓடவே பிடிக்காது. குதிகாலால் பத்தடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அது சோம்பல் அல்ல, பிசியோதெரபி தேவை. இடுப்பு அல்லது முழங்கால் வலி இருந்தால் முதலில் மருத்துவர்தான், பிறகே விளையாட்டு. ஸ்டீராய்டு எலும்புக்கான ரத்த ஓட்டத்தைக் குறைத்து மூட்டையே சிதைக்கக்கூடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடையோடு இடுப்பளவையும் குறித்துவையுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் டேப்பைச் சுற்ற வேண்டும். உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, 130 செ.மீ. பிள்ளைக்கு 65. தலையில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறையலாம். உயரம் நின்று எடை மட்டும் ஏறினால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். சாப்பாட்டைக் குறைத்து மட்டும் அதைச் சரிசெய்ய முடியாது. வயிற்றில் கதிர்வீச்சு பெற்றவர்கள் ஒல்லியாக இருந்தாலும் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை அவசியம்.

பி.டி. வகுப்பில் இந்தப் பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைக்கும் ஆசிரியர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பயம்தான். டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் இதயத்தைத் தளர்த்தக்கூடும் என்பதால் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்துவிட்டு, எந்த விளையாட்டு கூடும், எது கூடாது என்று மருத்துவர் எழுதித் தந்தால் அந்தப் பயம் தீரும். சிகிச்சை முடியும் நாளில் பெற்ற மருந்துகள், மொத்த அளவு, கதிர்வீச்சு பட்ட இடம் ஆகியவற்றை ஒரே தாளில் கேட்டு வாங்குங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போனாலும் அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

– ஓர் உணவியல் நிபுணர், மதுரை