முன்குறித்தல் பற்றி நீ கேட்டதற்கு

அன்பு மகனே,

நீ அனுப்பியதைப் படித்தேன். போனில் பதில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி முடித்துவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உலகம் உண்டாகும் முன்பே யாரை மீட்பது என்று கடவுள் முடிவு செய்துவிட்டார் என்றால் நான் எதற்கு இப்படி மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்டிருந்தாய். உன் அறைத் தோழன் காட்டிய அந்த வீடியோவில் பேசியவர், கத்தோலிக்கர்கள் மனச்சுதந்திரத்தை நம்புகிறவர்கள், முன்குறித்தலை நம்பாதவர்கள் என்று ஒரே போடாகப் போட்டாராம். அதைக் கேட்டு நீயும் "நாம் அதை நம்புவதில்லைதானே?" என்று கேட்கிறாய். நம்புகிறோம் அப்பா. உரோமையர் 8-லும் எபேசியர் 1-லும் பவுல் அதைச் சொல்லும்போது நாம் எப்படி இல்லை என்போம்? நம்மை அந்த வீடியோக்காரர் பக்கத்தாரிடமிருந்து பிரிப்பது முன்குறித்தல் உண்டா இல்லையா என்பது இல்லை, சிலரைக் கடவுள் கெட்டுப்போகவே குறித்து வைத்தார் என்பதை நாம் ஒருபோதும் ஒத்துக்கொள்வதில்லை என்பதுதான். இது இன்று நேற்று சொன்னதும் இல்லை. தென் பிரான்சில் ஓராஞ்ச் என்ற ஊரில் 529-ல் கூடிய ஆயர்களின் சங்கமே, தீமைக்கென்று சிலர் கடவுளால் குறிக்கப்பட்டார்கள் என்று யாராவது சொன்னால் அவர்களைச் சபிக்கிறோம் என்று எழுதி வைத்துவிட்டது. முன்குறித்தலைக் கடுமையாகப் போதித்த புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வின் பிறப்பதற்கு ஏறக்குறைய ஆயிரம் வருடம் முன்பு!

ஆனால் அதே சங்கம் எதிர்ப்பக்கத்தையும் அடைத்தது. அதைத்தான் நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். நாம் முதல் அடி வைத்தால் கடவுள் மீதி தூரம் வருவார் என்று பிரசங்கத்தில்கூடச் சிலர் சொல்கிறார்கள், கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது திருச்சபை ஏற்றுக்கொண்ட போதனை இல்லை. அந்த முதல் அடியே அருள்தான், விசுவாசிக்க வேண்டும் என்று நமக்குள் எழுகிற அந்த ஆசைகூட அவர் கொடுத்தது என்பதுதான் ஓராஞ்சின் தீர்ப்பு. அதற்கும் முன்னால், 418-ல் கார்த்தேஜ் சங்கம், அருள் இல்லாமலே மனிதன் தன் முயற்சியால் கட்டளைகளைக் கடைப்பிடிக்க முடியும் என்ற துறவி பெலாஜியுஸின் போதனையைத் தள்ளியது. பெலாஜியுஸ் மோசமான ஆள் இல்லை, ஒழுக்கத்தில் கண்டிப்பானவர். "நீர் கட்டளையிடுவதை நீரே தாரும், பிறகு விரும்பியதைக் கட்டளையிடும்" என்று அவர் காலத்து ஆயர் அகுஸ்தினார் எழுதியதைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்தது. இப்படிச் செபித்தால் எல்லோரும் பொறுப்பைத் தட்டிக்கழித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்களே என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, சோம்பேறி மகனைப் பெற்ற எந்த அம்மாவுக்கும் புரியும் (உன்னைச் சொல்லவில்லை).

ஆக, இரண்டு பக்கமும் வேலி போட்டாயிற்று. எல்லாம் என் முயற்சி என்று சொல்லக் கூடாது, என் கையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லக் கூடாது. திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரியில் இதையே இன்னும் அழுத்திச் சொன்னது: கடவுளால் தூண்டப்பட்ட மனித மனம் உயிரில்லாத பொருளைப் போலச் சும்மா கிடப்பதில்லை, அது இசையவும் செய்கிறது, விரும்பினால் மறுக்கவும் முடியும். சரி, அப்படியென்றால் இந்த இரண்டும் எப்படிச் சேர்கின்றன? அதைத் திரெந்து விளக்கவில்லை. அங்கேதான் சண்டை ஆரம்பித்தது, நம் வீட்டுக்குள்ளேயே.

1588-ல் லிஸ்பனில் லூயிஸ் தெ மொலினா என்ற இயேசு சபைக் குரு ஒரு பெரிய லத்தீன் புத்தகம் வெளியிட்டார். அவர் சொன்னதன் சாரம் இது: என்ன நடக்கக்கூடும் என்பதும் என்ன நடக்கப்போகிறது என்பதும் கடவுளுக்குத் தெரியும், இவை இரண்டுக்கும் நடுவில் இன்னொரு அறிவும் அவருக்கு உண்டு, இன்ன மனிதனை இன்ன சூழ்நிலையில் வைத்தால் அவன் தன் சொந்த விருப்பத்தால் என்ன செய்வான் என்பது. அதற்கு அவர் பக்கத்தார் காட்டுகிற வசனங்களில் எனக்குப் பிடித்தது 1 சாமுவேல் 23. தாவீது கெயிலா ஊருக்குள் இருக்கிறான், சவுல் துரத்துகிறான். சவுல் இங்கே வருவானா என்று தாவீது கடவுளிடம் கேட்கிறான். வருவான் என்று பதில். ஊர்க்காரர்கள் என்னைப் பிடித்துக் கொடுப்பார்களா? கொடுப்பார்கள் என்று பதில். உடனே தாவீது ஏறக்குறைய அறுநூறு ஆட்களோடு ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறான், அவன் தப்பிவிட்டான் என்று கேட்டதும் சவுல் வரவே இல்லை, யாரும் யாரையும் பிடித்துக் கொடுக்கவும் இல்லை. நடக்காமலே போன ஒன்று, தாவீது அங்கேயே தங்கியிருந்தால் நடந்திருக்கும் ஒன்று, கடவுளுக்குத் தெரிந்திருந்தது பார்த்தாயா? அந்த அறிவை வைத்துக்கொண்டுதான் யாருக்கு எந்த நேரத்தில் எந்த அருளைக் கொடுப்பது என்று கடவுள் ஏற்பாடு செய்கிறார், ஆனால் "ஆம்" சொல்வது நீதான் என்கிறார் மொலினா.

சலமாங்காவில் இருந்த தொமினிக்கன் குரு தொமிங்கோ பாஞெஸ் இதைப் படித்துவிட்டுக் கொதித்துப்போனார். (அவிலா தெரேசாவுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டவர் அவர், வெறும் புத்தகப் புழு என்று நினைக்காதே.) அப்படியானால் கடவுள் என்ன செய்ய வேண்டும் என்பதை மனிதன் முடிவு செய்வதாக ஆகிவிடாதா என்பது அவர் கேள்வி. ஒரே அருளைப் பெற்ற இருவரில் ஒருவன் மனம் திரும்பி மற்றவன் திரும்பவில்லை என்றால், வித்தியாசம் அந்த மனிதனிடமிருந்து வந்ததா? அப்படியென்றால் "நீ பெற்றுக்கொள்ளாதது உன்னிடம் என்ன இருக்கிறது" என்று பவுல் கேட்டதற்கு, இதோ இது இருக்கிறது என்று காட்டிவிடலாமே! கடவுள் மனித விருப்பத்தை உள்ளேயிருந்தே அசைக்கிறார், அப்படி அசைத்தும் அது சுதந்திரமாகவே இருக்கிறது, சுதந்திரத்தைப் படைத்தவருக்கு அதை உடைக்காமல் தொடத் தெரியாதா என்பது பாஞெஸின் வாதம். மொலினா பக்கத்தார் கடவுளையும் மனிதனையும் ஒரே படகை இழுக்கிற இரண்டு பேரைப் போலப் பார்க்கிறார்கள், பழைய தொமினிக்கன் இறையியல் மேதை அக்குவினா தோமாவோ ஒரே செயல் முழுக்க முழுக்கக் கடவுளுடையது, முழுக்க முழுக்க மனிதனுடையது, பாதிப் பாதி இல்லை என்றார், பாஞெஸ் அவர் வழியில் நின்றார்.

அப்புறம் என்ன, இயேசு சபையினர் தொமினிக்கன்களைக் கால்வின் ஆட்கள் என்றார்கள், தொமினிக்கன்கள் இயேசு சபையினரைப் பெலாஜியுஸ் ஆட்கள் என்றார்கள். ஸ்பெயின் முழுக்கச் சத்தம். திருத்தந்தை எட்டாம் கிளமெண்ட் வழக்கை உரோமைக்கு எடுத்துக்கொண்டார், முதலில் அமைத்த குழு மொலினாவின் புத்தகத்தைக் கண்டிக்கும்படி பரிந்துரைத்தது, அவர் அதோடு முடிக்காமல் இரு தரப்பையும் தன் முன்னாலேயே வாதாட வைத்தார். 1600-ல் மொலினா இறந்தார், 1604-ல் பாஞெஸ் இறந்தார், 1605-ல் கிளமெண்டும் இறந்தார், வாதம் மட்டும் சாகவில்லை. இரண்டு திருத்தந்தையர் முன்னிலையில் மொத்தம் 85 அமர்வுகள். கடைசியில் 1607-ல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் என்ன தீர்ப்புச் சொன்னார் தெரியுமா? எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்றார். இரண்டு பக்கமும் தங்கள் கருத்தைக் கற்பிக்கலாம், ஆனால் மற்றவரைத் தப்பறைக்காரன் என்று முத்திரை குத்தக் கூடாது, தக்க நேரத்தில் திருப்பீடம் முடிவு சொல்லும். அந்தத் தக்க நேரம் இன்னும் வரவில்லை, நானூறு வருடம் தாண்டிவிட்டது.

உனக்குச் சிரிப்பு வரும், நழுவிவிட்டார்கள் என்று சொல்வாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அருள் சுதந்திரத்தை அழிப்பதில்லை, நிறைவாக்குகிறது என்று தொமினிக்கன்கள் சொல்வதால் அவர்கள் கால்வின் பக்கம் இல்லை, மீட்பின் தொடக்கம் கடவுளிடமிருந்தே என்று இயேசு சபையினர் சொல்வதால் அவர்கள் பெலாஜியுஸ் பக்கம் இல்லை என்பதை ஐந்தாம் பவுல் தெளிவாகவே பார்த்தார். காக்க வேண்டிய இரண்டையும் இருவரும் காக்கிறார்கள், விளக்கத்தில்தான் வேறுபாடு. விளக்கம் தெரியாவிட்டால் யாரும் கெட்டுப்போவதில்லை. இதே திருச்சபை முடிவு சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டதும் இல்லை: கிறிஸ்து எல்லோருக்காகவும் இறந்தார் என்பதையே தவறு என்கிற ஆயர் ஜான்சேனியுஸ் வழிப் போதனையை 1653-ல் திருத்தந்தை பத்தாம் இன்னொசென்ட் கண்டித்தார். உன் தோழனின் வீடியோ கடைசியில் வந்து நிற்கிற இடமும் அதுதான், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்காக மட்டும் சிலுவை என்பது. அதில் விவாதத்துக்கு இடமில்லை.

சரி, இதெல்லாம் வரலாறு. என் மனதில் குத்தியது நீ கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரி. "ஒருவேளை நான் அந்த லிஸ்டில் இல்லையோ என்னவோ." அதை நீ விளையாட்டாக எழுதவில்லை என்று எனக்குத் தெரியும்.

புனித பிரான்சிஸ் சலேசியார் பாரிஸில் படித்துக்கொண்டிருந்தபோது, பத்தொன்பது வயது இருக்கும், இதே எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. முன்குறித்தல் பற்றிய வாதங்களுக்கு நடுவே இருந்தவர், தான் நரகத்துக்குக் குறிக்கப்பட்டவன் என்று நம்ப ஆரம்பித்துவிட்டார். வாரக்கணக்கில் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, உடம்பு இளைத்துப்போயிற்று. ஒருநாள் ஒரு கோயிலில் மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலில் விழுந்து, மறுமையில் உம்மை நேசிக்க முடியாது என்றால் இந்த வாழ்விலாவது முழு மனதோடு நேசிக்க விடும் என்ற அர்த்தத்தில் கடவுளிடம் சொல்லிவிட்டு, "மிகவும் இரக்கமுள்ள தாயே" செபத்தைச் சொன்னாராம். அன்றோடு அந்தப் பாரம் இறங்கியது. அவருக்குப் புது வாதம் ஒன்றும் கிடைக்கவில்லை, கவனி. என் பெயர் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதை விட்டுவிட்டார், அவ்வளவுதான். பிற்காலத்தில் ஆயரான பிறகு, உரோமையில் இந்தச் சண்டை நடந்தபோது அவருடைய கருத்தையும் கேட்டார்கள், தீர்ப்புச் சொல்லாமல் விடுவதே மேல் என்ற பக்கம்தான் அவர் நின்றார்.

அந்த லிஸ்டை எட்டிப்பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை என்று திரெந்தும் சொல்கிறது. தனிப்பட்ட வெளிப்பாடு இல்லாமல், கடவுள் யாரைத் தேர்ந்துகொண்டார் என்று ஒருவரும் அறிய முடியாது. நான் நிச்சயம் இருக்கிறேன் என்று சொல்கிறவனுக்கு இது கடிவாளம் என்றுதான் எல்லோரும் படிக்கிறார்கள். நான் இல்லை என்று முடிவு கட்டுகிறவனுக்கும் இது அதே அளவு பொருந்தும், உனக்கு அந்தத் தகவலை யார் கொடுத்தது? ஜோன் ஆஃப் ஆர்க்கை 1431-ல் விசாரித்தபோது, நீ அருள் நிலையில், அதாவது சாவான பாவம் இல்லாமல் கடவுளோடு ஒன்றித்த நிலையில், இருக்கிறாயா என்று மடக்கிக் கேட்டார்கள். ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் குற்ற ஒப்புதல். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண், இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்க்கட்டும், இருக்கிறேன் என்றால் அதிலேயே வைத்துக்கொள்ளட்டும் என்றாள். நீயும் இவ்வளவு சொன்னால் போதும்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்பாய். யோசிக்கும்போது மொலினா பக்கம்தான், கெயிலா கதை என்னை விடுவதில்லை. ஆனால் மற்றவர்களுக்காகச் செபிக்கும்போது பாஞெஸ் பக்கம் போய்விடுகிறேன். ஒருவருடைய மனதை மாற்றும் என்று கடவுளிடம் கேட்கிறோமே, அந்த மனதுக்குள் அவரால் போக முடியாது என்றால் அந்தச் செபத்துக்கு என்ன அர்த்தம்? 1887-ல் பிரான்ஸ் நாட்டுப் புனிதை குழந்தை தெரேசாவுக்குப் (அவிலா தெரேசா வேறு) பதினாலு வயது, பாரிஸில் மூன்று பேரைக் கொலை செய்த பிரான்சினி என்பவனுக்கு மரண தண்டனை, அவன் மனம் வருந்தவே இல்லை. தெரேசா அவனுக்காக விடாமல் செபித்தாள், அவனுக்காகப் பூசையும் ஒப்புக்கொடுக்க வைத்தாள். பத்திரிகை படிக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தும் தண்டனைக்கு மறுநாள் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தாள். கொலைக்களத்தில் கடைசி நிமிடம் அவன் திரும்பி, குருவின் கையிலிருந்த பாடுபட்ட சுரூபத்தை வாங்கி மூன்று முறை முத்தம் செய்தான் என்று போட்டிருந்தது. அருள் அவனை அசைத்ததா, அவன் இசைந்தானா? மொலினாவும் பாஞெஸும் இன்னொரு 85 அமர்வு உட்கார்ந்து பேசட்டும். முத்தம் செய்தவன் அவன், அது மட்டும் எனக்குத் தெரியும்.

இரண்டு பேரும் என்னைத் திருப்திப்படுத்தாத இடமும் உண்டு. பாஞெஸிடம், அந்த வலிமையான அருளை எல்லோருக்கும் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. மொலினாவிடம், நான் விழுவேன் என்று தெரிந்த சூழ்நிலையில் கடவுள் ஏன் என்னை வைத்தார் என்று கேட்டாலும் பதில் இல்லை, கேள்வியை ஒரு அடி பின்னால் தள்ளியிருக்கிறார், அவ்வளவுதான். கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் 600-வது எண்ணை எடுத்துப் பார், எல்லாக் காலமும் கடவுளுக்கு முன்னால் ஒரே நேரத்தில் இருக்கிறது, அவர் முன்குறிக்கும்போது அருளுக்கு ஒவ்வொருவரும் சுதந்திரமாகக் கொடுக்கும் பதிலையும் அதற்குள் சேர்த்தே குறிக்கிறார் என்கிறது. நீ மல்லுக்கட்டுவது எதற்கு என்று கேட்டாய் அல்லவா, அந்த மல்லுக்கட்டும் அதற்குள் இருக்கிறது. உடனே 1037-ஐயும் படி, யாரும் நரகத்துக்குப் போகும்படி கடவுள் முன்குறிப்பதில்லை என்று அங்கே ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது.

இன்னும் ஒன்று. உரோமையர் 9-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு குயவன், களிமண், ஏசா, பார்வோன் என்று அந்த வீடியோக்காரர் பேசினால், 9, 10, 11 மூன்றையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு உன் தோழனிடம் பேசு. எல்லோருக்கும் இரக்கம் காட்டுவதற்காகவே எல்லோரையும் கீழ்ப்படியாமைக்குள் அடைத்தார் என்று 11:32-ல் பவுல் முடிக்கிறார், 9-ல் நிறுத்தினால் அது தெரியாமலே போய்விடும். தோழனோடு சண்டை போடாதே, அவனும் பயத்தில்தான் பேசுகிறானோ என்னவோ.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் நாளாயிற்று என்று நீ சொல்லாவிட்டாலும் எழுத்தில் தெரிகிறது. போய்விட்டு வா. அப்புறம் கூப்பிடு, நீ மொலினாவா பாஞெஸா என்று சொல், அப்பா பாஞெஸ் கட்சி, வீட்டில் எனக்கு ஒரு ஆள் துணை வேண்டும்.

அன்புடன்,
அம்மா