ஏ2 பால்: கட்டுரையில் விடுபட்ட எச்சரிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏ2 பாலின் நன்மைகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் இதைத் தாராளமாகக் குடிக்கலாம் என்று அதில் ஒரு வரி வருகிறது. பசும்பால் அலர்ஜி உள்ள குழந்தையை வளர்க்கும் தாய் நான். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஏ1, ஏ2 இரண்டுமே பீட்டா கேசீன் என்ற ஒரே பால் புரதத்தின் வகைகள். ஏ1 இல்லாமல் ஏ2 வகை மட்டும் உள்ள பாலைத்தான் ஏ2 பால் என்கிறார்கள். 209 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலியில் 67ஆவது இடத்தில் ஏ2வுக்குப் புரோலின், ஏ1க்கு ஹிஸ்டிடின். இதனால் ஏ1 செரிக்கும்போது சங்கிலி அந்த இடத்தில் சுலபமாக அறுந்து, பீட்டா கேசோமார்ஃபின்-7 என்ற சிறு துண்டு பிரிகிறது. அபின் வகை மருந்துகள் போய் ஒட்டும் ஏற்பிகளில் இதுவும் ஒட்டக்கூடியது. சந்தேகம் கிளம்பியது இங்கேதான். நீரிழிவு, இதய நோய், ஆட்டிசம் வரை இதன் தலையில் கட்டினார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் அதுவரை வந்த ஆய்வுகளைப் பரிசீலித்து, இந்த நோய்களுக்கு அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை என்று அறிவித்தது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே!

வயிற்று உப்புசம், மந்தம் பற்றிய ஆய்வுகளை நான் ஒதுக்கவில்லை. ஏ2 பால் குடித்த சிலருக்கு அந்தத் தொந்தரவு குறைந்ததாக அவை காட்டுகின்றன. ஆனால் அவற்றில் முக்கியமான சில, ஏ2 பால் விற்கும் நிறுவனத்தின் பணத்தில் நடந்தவை. வாசகருக்கு அதையும் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, அலர்ஜிக்கு வருகிறேன். லாக்டோஸ் செரிக்காதது வேறு, பால் அலர்ஜி வேறு. லாக்டோஸ் சர்க்கரை. அது ஏ2 பாலிலும் அதே அளவுதான் இருக்கிறது. அதைச் செரிக்கும் நொதி குறைந்தவர்களுக்கு வயிறு உப்பும், பேதியாகும், உயிருக்கு ஆபத்தில்லை. அலர்ஜியிலோ பாலின் புரதத்தையே உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு எதிரியாகப் பார்க்கிறது. தோல் தடிக்கும், வாந்தி வரும், சில குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் இறுகி உயிருக்கே ஆபத்தாகும். இதைத் தூண்டும் புரதங்களில் முக்கியமானவை கேசீன்களும், பசும்பாலில் இருந்து, தாய்ப்பாலில் இயல்பாகச் சுரக்காத பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதமும். ஏ2 பாலில் இவை அத்தனையும் உண்டு. ஓர் அமினோ அமிலம் மாறியதால் அலர்ஜி விட்டுவிடாது. ஆட்டுப்பாலின் புரதங்களும் இவற்றைப் போலவே இருப்பதால், பசும்பால் அலர்ஜி உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவும் ஆகாது.

உறவினர்கள் அக்கறையோடுதான், 'ஏ2 பால் கொடுத்துப் பாரேன்' என்கிறார்கள். டாக்டர் வேண்டாம் என்று சொன்னதைச் சொல்லி நான் சமாளித்துவிடுவேன். அப்படிச் சொல்லித்தர யாரும் இல்லாத வீட்டில், தங்கள் இதழில் போட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டால்?

பால் அலர்ஜி உள்ள குழந்தைகளுக்கு ஏ2 பாலோ ஆட்டுப்பாலோ மாற்று ஆகாது, டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுத்துப் பார்க்கக் கூடாது என்ற திருத்தத்தை, கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும் அளவு எழுத்தில் அடுத்த இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி