கார்ட்ரிட்ஜை மாற்றும் முன் பேரிங்கைப் பார்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் புது வேலையில் சேர்ந்ததும், உன் முழங்கால் வலி குறைந்ததும் படித்து ரொம்பச் சந்தோஷப்பட்டேன். இங்கே எல்லாரும் நலம். ஓய்வு பெற்றபின் என் காலைப்பொழுது இசைத்தட்டுகளோடுதான் போகிறது.

சரி, உன் டர்ன்டேபிளில், அதாவது இசைத்தட்டைச் சுழற்றும் கருவியில், வருவதாக நீ எழுதிய உறுமலுக்கு வருகிறேன். தனி வயலின் மெல்ல இறங்கும் இடத்தில் அடியில் ஏதோ உருளும் சத்தம் வருகிறது, அதனால் ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜை மாற்றப்போகிறேன் என்கிறாய். கொஞ்சம் பொறு. உன் டர்ன்டேபிள், தோரன்ஸ் டிடி 160, எழுபதுகளின் மாடல். இத்தனை வருஷத்தில் அதன் பேரிங்கை, அதாவது தட்டின் நடுத்தண்டு உட்கார்ந்து சுழலும் இடத்தை, யாராவது கவனித்திருப்பார்களா என்பதே சந்தேகம். பள்ளத்தின் மிக நுண்ணிய அசைவைக்கூட எடுக்கிற ஊசி, பேரிங்கின் உரசலை மட்டும் விட்டுவிடுமா? அதைவிட நல்ல கார்ட்ரிட்ஜ் போட்டால் உறுமல் இன்னும் தெளிவாகக் கேட்கலாம்.

முதலில் ஒரு சோதனை செய். இசைத்தட்டில் பாட்டு இல்லாத பள்ளத்தில் ஊசி ஓடும்போது மோட்டாரை அணைத்துவிடு. தட்டு சுற்றி ஓய்வதற்குள் உறுமல் சட்டென்று நின்றால் மோட்டார் பக்கம் தேடு. வேகம் குறையக் குறையச் சத்தமும் கூடவே இழுத்துக்கொண்டு போனால் பேரிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

இசைத்தட்டு உட்காரும் வெளித்தட்டை எடுத்து, மோட்டார் தட்டைச் சுற்றவைக்கும் பெல்ட்டைக் கழற்றி, அடியில் தண்டு உள்ள உள்தட்டை நேராக மேலே தூக்கு. உள்ளே காற்று பிடித்து இழுக்கும்; சாய்க்காமல் நிதானமாக எடு. சில மாடல்களில் தண்டின் அடியில் சின்ன எஃகு குண்டு தனியாக இருக்கும், உருண்டு ஓடிவிடும், ஜாக்கிரதை. தண்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் உதிராத துணியால் துடைத்து வெளிச்சத்தில் பார். வழவழப்பாக இருந்தால் கவலையே இல்லை. நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் ஆயில் அதைச் சரிசெய்யாது.

தண்டு இறங்கி நிற்கும் குழியை, அதாவது கிணற்றை, சுத்தம் செய்வதில்தான் நிறையப் பேர் கெடுத்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து டர்ன்டேபிள்கள் பலவற்றில் தண்டைத் தாங்கும் புஷ், வெண்கலப் பொடியை அழுத்திச் சூடாக்கிச் செய்தது. பஞ்சு போல அதன் நுண்துளைகளில் ஆயில் ஊறியிருக்கும். பெட்ரோலோ தின்னரோ ஊற்றிக் கழுவினால் அந்த ஆயில் வெளியே வந்துவிடும், அப்புறம் புஷ் வறண்டுபோகும். மரக்குச்சியில் துணியைச் சுற்றி, புது ஆயிலைத் தொட்டு, கருப்பு வருவது நிற்கும் வரைக்கும் துடைத்தால் போதும்.

எந்த ஆயில் என்று கேட்டிருந்தாய். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டு ஒரு சுற்று வர 1.8 விநாடி ஆகும். 10 மில்லிமீட்டர் தண்டு என்றால் அதன் மேற்பரப்பு விநாடிக்கு 2 சென்டிமீட்டர்கூட நகர்வதில்லை. வேகமாகச் சுழலும் தண்டு தானே ஆயிலை இழுத்து இடையில் படலம் உண்டாக்கிக்கொள்ளும். இவ்வளவு மெதுவான சுழற்சியில் அது சரியாக நடக்காது. ஆயில் ரொம்ப நீர்த்திருந்தால் உலோகம் உலோகத்தைத் தொடும், ரொம்பக் கெட்டியானால் தட்டு இழுபடும். கையேட்டில் சொன்ன கெட்டித்தன்மை உள்ள சுத்தமான மெஷின் ஆயிலை வாங்கு. துரு எடுக்கும் ஸ்பிரே வேண்டவே வேண்டாம், அது பழைய ஆயிலையும் கரைத்துவிட்டு ஆவியாகிவிடும். சமையல் எண்ணெய் பிசினாக இறுகும்.

சில சொட்டு விட்டு, தண்டை இறக்கி, விட்டுவிடு. உள்தட்டு மெதுவாகத் தானே அமரும். அது அப்படி இறங்குவதைப் பார்ப்பதில் எனக்கு எப்போதுமே ஒரு மகிழ்ச்சி உண்டு. தண்டும் புஷ்ஷும் இன்னும் நெருக்கமாகப் பொருந்தியிருக்கின்றன என்று அதில் தெரிந்துவிடும். கையால் அழுத்தாதே. ஆயில் அதிகமானால் மேலே வழியும், பெல்ட்டில் பட்டால் வழுக்கும்.

இதை அப்படியே எல்லா டர்ன்டேபிளுக்கும் செய்யக் கூடாது. என்னுடைய காரார்ட் 301 ஆரம்பகாலத்தது, அதில் கிரீஸ் பேரிங். பின்னால் வந்த 301களுக்கு ஆயில். பழைய கிரீஸ் வருஷக்கணக்கில் மெழுகாக இறுகியிருக்கும். முழுக்க எடுத்துவிட்டுத்தான் புதிதாக வைக்க வேண்டும்.

துடைத்த துணியைத் தூக்கிப் போட்டுவிடாதே. அதில் வெறும் கருப்பு அழுக்கா, பொன்னிறத்தில் மினுமினுக்கும் துகளா என்று பார்த்து எழுது. துகள் இருந்தால் புஷ் தேய்கிறது, அதற்கு வேறு வழி பார்ப்போம். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்