லொகேஷன் போடாதீங்க: சென்னை ரசிகர் மன்றத்துக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் இருக்கிற எல்லா ரசிகர் மன்ற, நற்பணி மன்ற நிர்வாகிகளுக்கும், வாட்ஸ்அப் குழு அட்மின்களுக்கும் வணக்கம்.

நான் பெரம்பூர் பக்கம். 2000-லிருந்து 2019 வரை மன்றத்தில் இருந்தவன், அதில் கடைசி ஏழு வருடம் கிளைச் செயலாளர். எந்த அண்ணனின் மன்றம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்ற மன்றத்துக்காரர்கள் 'இது நமக்கில்லை' என்று தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள், எங்கள் ஆட்கள் 'நம்மாளே நம்மை விட்டுக்கொடுத்துட்டான்' என்று சண்டைக்கு வருவீர்கள். இது எல்லாருக்கும் எழுதுவது.

கேட்க வந்தது ஒன்றுதான். ஷூட்டிங்கோ விழாவோ இல்லாத இடத்தில், தன் சொந்த வேலையாக வந்திருக்கும் ஒரு நடிகரையோ நடிகையையோ விளையாட்டு வீரரையோ நம் பையன் யாராவது பார்த்துவிட்டால், அந்த இடத்தைக் குழுவில் போடக்கூடாது. போட்டால் அட்மின் உடனே அழிக்க வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

1994-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவோடு கோடம்பாக்கம் பாலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். டீக்கடை முன்னால் ஒரு கார் டயர் பஞ்சராகி நின்றது. டிரைவர் இறங்கி ஜாக்கியை எடுத்தார், பின்கதவு திறந்தது, இறங்கியது அவர். எங்கள் வீட்டுச் சுவரில் காலண்டரில் இருந்த அதே முகம், ஆனால் மேக்கப் இல்லாமல், கசங்கிய சட்டையில், தூக்கக் கலக்கத்தில். பதினைந்து பேர் இருந்திருப்போம், ஒருத்தரும் கிட்டப் போகவில்லை. டீ மாஸ்டர் ஒரு டீ போட்டு நீட்டினார். காசு வேண்டாம் என்றதும், குடித்துவிட்டு பிஸ்கட் பாட்டிலுக்கு அடியில் நோட்டைச் சொருகினார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு "வணக்கம்ண்ணே" என்றார், அவரும் கும்பிட்டார். என்னைப் பார்த்து "எத்தனாவது படிக்கிற?" என்று கேட்டார். "ஏழாவது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அப்பாதான் சொன்னார். கையில் இருந்த பல்லவன் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இருபது நிமிடத்தில் டயர் மாறியது, கார் போய்விட்டது.

அந்த இருபது நிமிடத்தை அப்பா சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் சொன்னேன், பாதிப் பேர் நம்பவில்லை. போன் கிடையாது, போட்டோ கிடையாது. அந்த டிக்கெட்தான் என்னை மன்றத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மன்றத்தை நான் குறை சொல்ல வரவில்லை. சாரம் ஏறிக் கட் அவுட்டுக்கு மாலை போட்டதும், விடிய விடியத் தோரணம் கட்டிவிட்டு முதல் ஷோவில் தொண்டை கிழியக் கத்தியதும் என் வாழ்க்கையின் நல்ல நாட்கள்தான். வீட்டில் மதிப்பில்லாத பையனுக்கு அங்கே ஒரு பேர் இருந்தது. நாங்கள் ரத்தம் கொடுத்தோம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் என்ன நடந்தது என்று உங்களில் பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். அடையாறு கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது சைதாப்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் ஆறு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு கைக்குழந்தையும் இருக்கிறது என்று ஒரு தம்பி குழுவில் விலாசம் போட்டான். அரை மணி நேரத்தில் இரண்டு மன்றத்துப் பசங்கள், சுவரில் போஸ்டர் ஒட்டுவதில் அடித்துக்கொள்கிறவர்கள், ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் போனார்கள். பால் பாக்கெட், பிரெட், மெழுகுவர்த்தி என்று எது எங்கே வேண்டும் என்பதெல்லாம் அந்தக் குழுவில்தான் ஓடியது. ஒரு விலாசத்தைக் குழுவில் போட்டால் எத்தனை பேர் எவ்வளவு சீக்கிரம் வந்து நிற்பார்கள் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

அதே குழுவில்தான் 2019 மார்ச்சில் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நகரத்தின் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யூ.வில் வைத்திருந்தோம். மூன்றாவது நாள் ராத்திரி, மணி ஒன்றரை இருக்கும், கீழே மருந்து கவுண்டரில் சீட்டோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் தொப்பி போட்டுக்கொண்டு நீல ஃபைலோடு ஒருவர் நின்றிருந்தார். ஊசி மருந்தின் பேரைக் கவுண்டரில் சொன்ன குரலைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பத்தொன்பது வருடமாக யாருக்காகப் போஸ்டர் ஒட்டினேனோ அவர், இரண்டடி தூரத்தில். மருந்து எடுத்து வர நேரமானது, அவர் திரும்பினார். என் கையில் இருந்த சீட்டைப் பார்த்தார்.

"யாருக்குப்பா?"

"அம்மாவுக்குண்ணே. ஐ.சி.யூ."

"என்ன சொல்றாங்க?"

"ரெண்டு நாள் போகட்டும்ங்கறாங்க."

"சரியாயிடும். நீ சாப்டியா?"

அவர் யாருக்காக வந்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. கண் சிவந்திருந்தது, மூன்று நாள் தாடி. மருந்தை வாங்கிக்கொண்டு என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தார். அதோடு நான் விட்டிருக்க வேண்டும். அப்பாவுக்கு இருபது நிமிடம் கிடைத்த மாதிரி எனக்கு இரண்டு நிமிடம் கிடைத்திருந்தது. ஆனால் நான் போனை எடுத்து, அவர் லிஃப்டுக்கு நிற்பதைப் பின்னாலிருந்து ஒரு போட்டோ எடுத்து, மருத்துவமனைப் பெயரோடு "அண்ணன் இங்கதான் இருக்கார், யாருக்கோ உடம்பு சரியில்ல போல" என்று குழுவில் போட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவ்வளவு பெரிய சந்தோஷத்தை, அந்த நேரத்தில் அந்த இடத்தில் தனியாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

அப்போது ஒரு குழுவில் 256 பேர்தான் சேர முடியும், நாங்கள் மூன்று குழு வைத்திருந்தோம். ஒரு தடவைக்கு ஐந்து இடத்துக்கு மேல் ஃபார்வர்ட் போகாது என்ற கட்டுப்பாடும் வந்திருந்தது. ஐந்து ஐந்தாகவே போனது. காலை ஆறரைக்கு வாசலில் இருபது பேர், எட்டு மணிக்கு இருநூறுக்கு மேல். யூடியூப் சேனல்காரர்கள் மைக்கோடு வந்துவிட்டார்கள், அவருக்கே மாரடைப்பு என்று ஒருவர் நேரலையில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஆம்புலன்ஸ் சைரன் போட்டபடி கேட்டில் நின்றது, எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை, நின்றது. வயதான செக்யூரிட்டி ஒருவர் இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தைத் தள்ளப் பார்த்தார், அவர் சட்டை தோள்பட்டையில் கிழிந்திருந்தது. "அண்ணன் வெளிய வரணும்" என்று கத்திக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் என் கிளைப் பசங்கள்.

காலை ஏழிலிருந்து ஏழரை வரைதான் ஐ.சி.யூ.வில் பார்க்க விடுவார்கள். அன்றைக்குப் பாதுகாப்பு என்று சொல்லி யாரையும் மேலே விடவில்லை. என் தங்கை ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் போல இன்னும் பத்துப் பதினைந்து குடும்பம், யாருடைய அப்பாவோ, யாருடைய பிள்ளையோ உள்ளே. அவரைப் பின்பக்கம் துணி சலவைக்குப் போகிற வழியாக வெளியே அனுப்பினார்கள் என்று வார்டு பாய் சொன்னார். உள்ளே படுத்திருந்தது அவருடைய அக்கா.

சாயங்காலம் பார்க்க விட்டார்கள். அம்மாவுக்கு வாய் கோணியிருந்தது, பேச்சுக் குழறியது, ஆனால் கேட்டது எனக்குப் புரிந்தது. "காலைல ஏன் வரல?"

அந்த வாரமே செயலாளர் பொறுப்பை விட்டேன், அந்த வருடத்துக்குள் மன்றத்தையும் விட்டேன். அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்தாள், அது வேறு கதை.

நீங்கள் சொல்லப்போவது தெரியும். 'அவங்க பப்ளிக் ஃபிகர், நாங்க இல்லாம அவங்க இல்ல.' டிக்கெட் எடுத்தது உண்மைதான். ஆனால் டிக்கெட் படத்துக்கு எடுத்தோம். அவருடைய அக்காவின் ஐ.சி.யூ. வாசலுக்கு எடுக்கவில்லை. எல்லாக் கூட்டத்தையும் நான் தப்பு என்று சொல்லவில்லை. ரஜினி பிறந்தநாளான டிசம்பர் 12 அன்று போயஸ் கார்டனில் அவர் வீட்டு முன்னால் போய் நிற்கிறார்கள், அது வருடா வருடம் தெரிந்த நாள், போலீஸுக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும். பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்கிற ஒருவரிடம் போய் "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா சார்" என்று கேட்டு, அவர் சரி என்றால் எடுத்துக்கொள்வதும் தப்பில்லை. வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். கேட்காமல் தோளில் கை போட்டுப் போனை முகத்துக்கு நேராக நீட்டுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

2018 அக்டோபரில் மதுரையில் சிவகுமார் ஒரு தம்பியின் போனைத் தட்டிவிட்ட வீடியோவை நாம் எல்லாரும் எத்தனை தடவை பார்த்தோம். அவர் செய்தது தப்பு, அவரே வருத்தம் தெரிவித்துப் புதுப் போனும் வாங்கிக் கொடுத்தார். 2021 ஏப்ரல் 6, ஓட்டுப் போடுகிற நாள், திருவான்மியூர் வாக்குச்சாவடியில் மாஸ்க் இல்லாமல் கிட்ட வந்து செல்ஃபி எடுத்தவரிடமிருந்து அஜித் போனைப் பிடுங்கினார், பிறகு திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டார். இரண்டு பேருமே மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள். நம் பக்கத்திலிருந்து யாராவது கேட்டோமா?

அவர்கள் எத்தனை தடவைதான் சொல்வார்கள். அஜித் 2011-லேயே மன்றங்களைக் கலைத்தார். 2021 டிசம்பரில் 'தல' என்று கூப்பிட வேண்டாம் என்றார், 2024 டிசம்பரில் 'கடவுளே' என்று கோஷம் போடுவதை நிறுத்தச் சொன்னார். கமல் எப்போதோ மன்றங்களை நற்பணிக்குத் திருப்பினார். பிடித்தவர் சொன்னதைக் கேட்காமல் அவரைப் பிடிக்கும் என்று எப்படிச் சொல்கிறோம் என்பது எனக்கு இப்போதும் விளங்கவில்லை.

அப்புறம் உயிர். 2023 ஜனவரியில் கோயம்பேடு ரோகிணி தியேட்டர் முன்னால், ரோட்டில் போன லாரி மேல் ஏறி ஆடிய 19 வயதுப் பையன் கீழே விழுந்து செத்துப்போனான். 2024 டிசம்பர் 4, ஹைதராபாத்தில் ஒரு படத்தின் சிறப்புக் காட்சிக்கு நடிகர் வந்தார், நெரிசலில் ஒரு தாய் இறந்தார், அவர் மகன் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தான். 2025 ஜூன் 4, பெங்களூரில் கிரிக்கெட் கோப்பையோடு வருகிறார்கள் என்று காலையில் பதிவு போட்டார்கள். சுமார் 35,000 பேர் உட்காரக்கூடிய மைதானத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வந்தது, நெரிசலில் 11 பேர் செத்துப்போனார்கள். கரூரில் அதே வருடம் செப்டம்பர் 27-ல் 41 பேர். அது அரசியல் கூட்டம், விசாரணை சி.பி.ஐ.யிடம் போயிருக்கிறது, யார் மேல் தப்பு என்று நான் பேச வரவில்லை. ஆனால் செத்தவர்களில் குழந்தைகள் இருந்தார்கள், அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது பார்க்க ஆசைப்பட்ட பெற்றவர்கள்தான்.

இதைப் படித்துவிட்டு 'படிக்காத பசங்க, வடசென்னைப் பசங்க இப்படித்தான்' என்று தலையாட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு மருத்துவமனை லிஃப்டுக்குள் அவரைச் சுற்றி நின்று வீடியோ எடுத்தவர்கள் இன் பண்ணிய சட்டைக்காரர்கள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. விமான நிலையத்தில் டிராலியோடு ஓடுகிறவர்களும், கல்யாண மண்டபத்தில் மணமக்களை விட்டுவிட்டு முன்வரிசையை மொய்க்கிறவர்களும் மன்றத்துப் பையன்கள் இல்லை. மன்றம் கெட்ட பேரைச் சுமக்கிறது, அவர்கள் படத்தை ஸ்டேட்டஸில் வைத்துக்கொள்கிறார்கள்.

நடிகைகளுக்கு நடப்பது இதைவிட மோசம். கடை திறப்பு விழாவில் கூட்டத்துக்குள் கைகள் எங்கே போகின்றன என்று தடுப்புக் கட்டி நின்ற நமக்குத் தெரியும். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறோம், நானும் இருந்திருக்கிறேன். ஒரு நடிகை தன் குழந்தையோடு மாலில் இருக்கிறார் என்று ஒருவன் குழுவில் போட்டால், அங்கே ஓடிப் போகிற நூறு பேரில் எவன் எப்படிப்பட்டவன் என்று எந்த அட்மினுக்காவது தெரியுமா?

மன்றம் நினைத்தால் முடியும் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் விழுந்து வண்டியில் போன பெண் இறந்தபோது, பேனர் வைக்காதீர்கள் என்று பல நடிகர்கள் சொன்னார்கள். அதுவரை பேனர் இல்லாத ரிலீஸை நினைத்துக்கூடப் பார்க்காத மன்றங்கள் பேனர் காசில் வேறு உதவி செய்தன. தலைமையிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் கிளை கேட்கும், அது எனக்குத் தெரியும்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். குழுவின் முகப்பில் ஒரு வரி எழுதி வையுங்கள்: மருத்துவமனை, சாவு வீடு, வீடு, பள்ளிக்கூடம், கோயில், விமான நிலையம், எங்கே பார்த்தாலும் இடத்தைப் போடக்கூடாது. பார்த்த கதையை அடுத்த நாள் எழுதட்டும், எல்லாரும் ஆசையாகப் படிப்போம். மீறிப் போட்டால் அழித்துவிட்டு அந்தத் தம்பியைத் திட்டாமல் போனில் கூப்பிட்டுப் பேசுங்கள், அவனும் என்னைப் போலச் சந்தோஷத்தில்தான் போட்டிருப்பான். ராத்திரியில்தான் இது நடக்கும், அதனால் ஒரு அட்மின் தூங்கினாலும் இன்னொருவர் பார்க்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இதை என் பழைய கிளைப் பசங்களுக்கும் அனுப்புகிறேன். கோபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், ஏழு மணிக்கு பெரம்பூர் ரயில் நிலையம் பக்கத்து டீக்கடையில் இருப்பேன், நேரில் பேசலாம்.

இப்படிக்கு,
முன்னாள் கிளைச் செயலாளர்,
பெரம்பூர்