அது கேமரா இல்லை, கடிகாரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் விமான எஞ்சின் கட்டுரையில், லேசர் சென்சார் எஞ்சினுக்குள் சுழலும் இறக்கைகளான பிளேடுகளின் அதிர்வைப் 'படம் பிடிக்கிறது' என்று ஒரு வரி. எஞ்சின் சோதனைக்கூடத்தில் இந்தக் கருவிகளோடு மல்லுக்கட்டியவன் என்பதால் சொல்கிறேன், அது படமெல்லாம் பிடிப்பதில்லை. நேரம் பார்க்கிறது, அவ்வளவுதான்.

கேசிங்கில், அதாவது எஞ்சினின் வெளி உறையில், சிறு துளை போட்டு, அதில் புரோப் என்ற சென்சார் முனையைப் பொருத்தி, ஃபைபர் வழியாக ஒளியை உள்ளே விடுவோம். பிளேடின் நுனி கடக்கும்போது ஒளி பட்டுத் திரும்பும். அதிராத பிளேடு சொன்ன நேரத்துக்கு வரும், அதிர்கிற பிளேடு கொஞ்சம் முந்தும் அல்லது பிந்தும். கொஞ்சம் என்றால்? நுனி மையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, நிமிடத்துக்கு 12,000 சுற்று என்று வையுங்கள். நுனி நொடிக்குச் சுமார் 377 மீட்டர் வேகத்தில் பறக்கும். அப்போது 0.1 மி.மீ. வளைவால் வரும் நேர வித்தியாசம் ஒரு மைக்ரோ நொடியில் (நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கால்வாசிதான்!

இதில் ஒரு கண்கட்டு உண்டு, கட்டுரையில் அது வரவே இல்லை. அதிர்வின் வேகம் சுழற்சி வேகத்தின் சரியான முழு மடங்காக இருந்தால், அதாவது ஒரு சுற்றுக்குச் சரியாக இரண்டு, மூன்று தடவை என்று அதிர்ந்தால், பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு வளைந்த நிலையிலேயே புரோபைக் கடக்கும். தினமும் பத்து நிமிடம் பிந்தி வரும் பஸ்ஸுக்கு அதுதான் டைம் என்று நினைத்துக்கொள்வோமே, அதுமாதிரி ஒற்றைப் புரோப் ஏமாந்துவிடும். ஆபத்தான ஒத்ததிர்வு (பிளேடின் இயல்பான அதிர்வோடு தாளம் சேர்ந்து அதிர்வு பெருகுவது) பெரும்பாலும் இந்த வகைதான். அதனால்தான் பல புரோப்களை, அதுவும் சம இடைவெளி இல்லாமல் ஏறுக்குமாறாக, சுற்றிலும் வைப்பது.

இந்த சென்சார் இருந்திருந்தால் 2018 ஏப்ரலில் சவுத்வெஸ்ட் 1380 விமானத்தில் ஃபேன் பிளேடு உடைந்து ஒரு பயணி இறந்ததைத் தடுத்திருக்கலாம் என்பதுபோல எழுதியதும் சரியில்லை. சென்சார் பார்ப்பது நுனியை, அங்கே விரிசல் விட்டதோ பிளேடின் அடியில், நடுவில் சுழலும் டிஸ்க்கில் செருகும் பகுதியில். வருடக்கணக்கில் ஏறி இறங்கி உலோகம் களைத்துப் போனதால் வந்தது. அடுத்த சில நாளிலேயே அமெரிக்க விமானத்துறை கட்டாயமாக்கியது அல்ட்ராசானிக் பரிசோதனையைத்தான்.

இந்த லேசர் சென்சாரை எல்லா விமானத்திலும் பொருத்திவிட வேண்டியதுதானே என்றால், லென்ஸில் எண்ணெயும் கரியும் படியும். சோதனைக்கூடத்திலேயே ஒரு ஓட்டம் முடிந்து புரோபைக் கழற்றினால் பஞ்சு கறுப்பாகத்தான் வரும். முன்பு பிளேடிலேயே ஒட்டிய, உலோகம் இழுபடுவதை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ்கள் சூட்டில் ஒவ்வொன்றாகச் செத்ததற்கு இது எவ்வளவோ தேவலை, ஆனால் பறக்கும்போது யார் துடைப்பது?

'படம் பிடிக்கிறது' என்பதை மட்டுமாவது திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பெங்களூரு